நான்காவது திருப்பத்துக்கு மேல் ஏன் எதுவும் உறைக்கவில்லை?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். ஒரு சஸ்பென்ஸ் த்ரில்லர் படித்தீர்கள், அதில் ஐந்தாறு திருப்பங்கள். படித்தவர்களில் பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், மீதிப் பேர் ஏமாற்று வேலை என்று திட்டுகிறார்கள். உங்களுக்கு முதல் இரண்டு திருப்பம் வரை பரபரப்பாக இருந்தது, நான்காவதுக்கு மேல் யார் கொலை செய்தால் என்ன என்றாகிவிட்டது. யார் சொல்வது சரி, இந்த மாதிரிக் கதைகளுக்கு வரும் வாசகர் கருத்துகளை எப்படி எடுத்துக்கொள்வது, அதே எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தை வாங்கலாமா? இவைதான் உங்கள் கேள்விகள்.

குற்றக்கதைகளின் கையெழுத்துப் பிரதிகளை அச்சுக்குப் போகும் முன் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையைச் சில வருடங்களாகச் செய்கிறேன். அந்தக் கதைகள் வெளிவந்த பிறகு வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் ஒன்றுவிடாமல் படிப்பேன். இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. வாசகர் சொல்லும் வலி எப்போதும் உண்மை, ஆனால் வலிக்கிற இடமும் கோளாறு இருக்கிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கால் குடைகிறது என்று போனவருக்கு முதுகெலும்பில் பிரச்சினை இருக்கும் இல்லையா, அது போலத்தான். "முடிவு சரியில்லை" என்று பத்துப் பேர் எழுதியிருந்தால் நான் முடிவைப் பார்ப்பதில்லை, முதல் நூறு பக்கத்தைத்தான் மறுபடி எடுப்பேன். பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை இருக்கும்.

இதைக் காட்ட நானே ஒரு காட்சியைக் கட்டிச் சொல்கிறேன், எந்தப் புத்தகத்திலும் இருப்பதல்ல.

மனைவியைக் காணோம். கணவன்தான் கதையைச் சொல்கிறான். காலை ஆறு மணிக்குத் தான் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றும், அதன் பிறகு அவளைப் பார்க்கவில்லை என்றும் ஆரம்பத்திலேயே போலீஸிடம் சொல்லிவிடுகிறான். இரண்டாம் அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வருகிறார். உயரம், நிறம், அடையாளம், என்ன உடை. கணவன் யோசிக்காமல் "நீலம்" என்கிறான். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே, "பாதிப் பேருக்கு இந்தக் கேள்விக்குப் பதிலே தெரியாது சார்" என்கிறார். நமக்கு அந்தக் கணவன் மேல் இரக்கம் வருகிறது. எவ்வளவு கவனமாக அவளைப் பார்த்துக்கொண்டவன் என்று தோன்றுகிறது. நூற்றைம்பது பக்கம் தள்ளி, அவளுடைய அலுவலகத் தோழி வேறு எதையோ சொல்லும்போது, அன்று அவள் பச்சை உடையில் வந்தாள், மை கொட்டிவிட்டதால் மதியம் வெளியே போய் ஒரு நீல உடை வாங்கி மாற்றிக்கொண்டாள் என்று போகிற போக்கில் சொல்கிறாள். அவ்வளவுதான். எழுத்தாளர் ஒரு வார்த்தை விளக்கவில்லை. ஆனால் படிக்கிறவருக்கு முதுகில் சில்லென்று இறங்குகிறது. மதியத்துக்குப் பிறகு அவளைப் பார்க்காதவனுக்கு நீலம் எப்படித் தெரியும்?

அன்பு என்று நாம் வாசித்த அதே ஒற்றைச் சொல் இப்போது சாட்சியாக மாறி நிற்கிறது. புதிதாக எதுவும் கதைக்குள் வரவில்லை, இருந்ததுதான் திரும்பி முகம் காட்டியது. நல்ல திருப்பம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதே கதையை இன்னொரு மாதிரியும் எழுதலாம். 290ஆம் பக்கத்தில் பரணிலிருந்து ஒரு டைரி விழுகிறது, அதில் கணவன் தன் கைப்பட எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறான். அதிர்ச்சி அதே அளவு. குற்றவாளியும் அதே ஆள். ஆனால் இந்த டைரியால் முந்தைய 289 பக்கங்களில் ஒரு வரிகூட வேறு பொருள் பெறவில்லை. படிக்கிற அந்த நொடியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் புத்தகத்தை மூடிய கையோடு எழுதப்படும் கருத்துகளில் இரண்டுமே "செம ட்விஸ்ட்" என்றுதான் வரும். ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். நீலம் ஞாபகம் இருக்கும், டைரி ஞாபகம் இருக்காது.

இப்போது உங்கள் நான்காவது திருப்பத்துக்கு வருகிறேன். என் உதாரணத்தையே நீட்டிப் பார்க்கலாம். கணவன் பொய் சொன்னான் என்று தெரிந்தது முதல் திருப்பம். பிறகு அவன் கொலை செய்யவில்லை, மனைவி காணாமல்போன அன்று மாலை அந்தத் தோழியே அவனுக்கு போன் செய்திருக்கிறாள், பேச்சுவாக்கில் நீல உடையைச் சொன்னவளும் அவள்தான், அந்தப் போனை இருவரும் போலீஸிடம் மறைத்தார்கள் என்று வருகிறது. இது இரண்டாவது. இதுவும் அந்த நீலத்திலேயே நிற்கிறது, ஒரே சொல்லுக்கு மூன்றாவது பொருள் கிடைக்கிறது, வாசகருக்கு மகிழ்ச்சிதான். மூன்றாவதாக, மனைவியின் பழைய காதலன் நான்தான் என்று புதிதாக ஒருவன் வந்து சொல்கிறான். நான்காவதாக, அந்தக் காதலன் சொன்னது பொய், அவன் யாரோ அனுப்பிய ஆள். ஐந்தாவதாக, அனுப்பியது செத்துப்போனதாக நாம் நினைத்த மனைவி. இங்கே என்ன நடந்தது என்று கவனியுங்கள். மூன்றாவது திருப்பத்தில் எழுத்தாளர் முதல்முறையாக வெளியிலிருந்து சரக்கு இறக்கினார். நான்காவதில் அந்தச் சரக்கையே பொய் என்று தூக்கிப் போட்டார். அந்த நொடியில் உங்கள் மனம், உங்களைக் கேட்காமலே, ஒரு பாடம் கற்றுக்கொண்டது: இங்கே சொல்லப்படும் எதற்கும் ஆயுள் இருபது பக்கம்தான், நம்பிப் பிரயோசனமில்லை. நம்பிக்கை போன இடத்தில் பயமும் வராது, துக்கமும் வராது. மனைவி செத்துவிட்டாள் என்று உண்மையிலேயே நம்பினால்தான் அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போது தூக்கிவாரிப் போடும். நீங்கள் அந்த அறிவிப்பை நம்பவே இல்லை, அப்புறம் எப்படி உறைக்கும்? குறை உங்களிடம் இல்லை. ஐந்தாவது திருப்பம் தனியாகப் பார்த்தால் நல்ல திருப்பமாகக்கூட இருந்திருக்கலாம், அதற்கான பணத்தை மூன்றாவதும் நான்காவதும் முன்பே செலவழித்துவிட்டன.

ஆகவே எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. ஏழு திருப்பம் உள்ள கதை கொஞ்சமும் அலுக்காமல் போகலாம், இரண்டே திருப்பம் உள்ளது வெறுத்துப்போகலாம். அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் இதற்கு ஒரு அளவுகோல் தந்துவிட்டுப் போயிருக்கிறார், 2,300 வருடங்களுக்கு மேலாகிறது. கதையின் தலைகீழ் மாற்றம் முன்னால் நடந்தவற்றிலிருந்து பிறக்க வேண்டும் என்கிறார். ஒன்று இன்னொன்றுக்குப் *பிறகு* நடப்பதற்கும் இன்னொன்றின் *காரணமாக* நடப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்பது அவர் வாதம். இதைத் தமிழில் சோதிப்பது ரொம்பச் சுலபம். கதையை நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு திருப்பத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது உங்கள் வாயில் "அதனால" வருகிறதா, "அப்புறம்" வருகிறதா? "அப்புறம் பாத்தா அவன் காதலனே இல்ல, அப்புறம் பாத்தா அவ சாகவே இல்ல" என்று போனால் அந்தக் கதை சங்கிலியாக இல்லை, வரிசையாக நிற்கிறது. நான் கையெழுத்துப் பிரதிகளுக்குச் செய்கிற முதல் சோதனையே இதுதான்.

அப்படியானால் கொண்டாடுகிறவர்களுக்கு ரசனை இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். வேகத்துக்காகவே படிக்கிறவர்கள் உண்டு, அவர்கள் எதையும் கையில் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, ஓடும் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் மாதிரி வருவதைப் பார்த்துக்கொண்டு போவார்கள், அந்தச் சந்தோஷம் முழுக்க நியாயமானது. இன்னொரு வகை, இந்த மாதிரிக் கதைகளுக்குப் புதிதாக வந்தவர்கள். முகம் சிதைந்த பிணம் கிடைத்தால் அது வேறு யாருடையதாகவோ இருக்கும், ஆரம்பம் முதல் உதவிக்கொண்டே இருக்கும் நண்பன் மேல் ஒரு கண் வைக்க வேண்டும், பெயர் சொல்லாத ஒரு குரல் இடையிடையே பேசினால் அது நிகழ்காலத்தில்தான் பேசுகிறது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை என்பதெல்லாம் இருநூறு கதை படித்தவருக்குத் தெரியும். முதல் பத்தில் இருப்பவருக்கு இவை ஒவ்வொன்றும் புத்தம் புதிய அதிர்ச்சி. ஒரு கருத்தைப் படிக்கும்போது எழுதியவர் எந்தப் படிக்கட்டில் நிற்கிறார் என்று பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சரி, வாசகர்கள் அடிக்கடி சொல்லும் சில குறைகளை எடுத்துக்கொள்வோம்.

"நான் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன்." அதிகம் வருவது இது, அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். படிக்கும்போது நாம் எல்லோர் மேலும் லேசாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே போகிறோம். எட்டுப் பேர் மேல் சந்தேகப்பட்டால் ஒன்று சரியாகத்தான் இருக்கும். முடிவு தெரிந்த பிறகு மற்ற ஏழும் மறந்துபோய் அந்த ஒன்று மட்டும் "எனக்கு அப்பவே தெரியும்" என்று பெரிதாகிவிடுகிறது. மனம் இப்படிச் செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் போவதற்கு முன், அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்கும் என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்னார் பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர், ரூத் பெய்த் என்பவருடன் சேர்ந்து. பயணம் முடிந்த பிறகு, நீங்கள் முன்பு என்ன கணித்தீர்கள் என்று அவர்களையே கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களைத் தாங்கள் உண்மையில் கணித்ததைவிட உறுதியாகக் கணித்திருந்ததாகவே அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். 1975இல் அந்த ஆய்வு வெளிவந்தது. குற்றக்கதை வாசகரும் இதே மனதோடுதான் படிக்கிறார். உண்மையிலேயே கண்டுபிடித்தீர்களா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், சந்தேகம் வந்த பக்கத்திலேயே பென்சிலால் பெயரை எழுதி வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், நான் நினைத்திருந்ததைவிட மிகக் குறைவாகவே ஜெயித்திருக்கிறேன்.

ஆனால் இதில் முக்கியமான பகுதி வேறு. முன்பே கண்டுபிடித்தும் ரசித்துப் படித்த கதைகள் உங்களுக்கும் இருக்கும். கொலைகாரன் யார் என்று தெரிந்தே இரண்டாம் முறை படிக்கிற கதைகள் இருக்கும். ஆகவே கண்டுபிடித்ததே கதையைக் கெடுத்துவிடாது. கண்டுபிடித்த பிறகு மீதிப் பக்கங்களில் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல் போனதுதான் கெடுத்தது. சான் டியேகோவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டென்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2011இல் வெளியிட்டார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது வாசகர்கள் அந்தக் கதைகளுக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பெண்ணே கொடுத்தார்கள், எதிர்பாராத திருப்பத்தில் முடியும் கதைகளிலும் அப்படித்தான். பிறகு வேறு ஆட்கள் செய்த சோதனைகளில் நேர்மாறாக, முடிவு தெரிந்தால் சுவை குறைகிறது என்றும் வந்திருக்கிறது. அதனால் இதை வைத்துக்கொண்டு முடிவைப் போட்டு உடைப்பதை நான் நியாயப்படுத்த மாட்டேன். முதல்முறை படிக்கிறவரின் அந்த ஒரு வாய்ப்பு அவருடையது, பறிக்க நமக்கு உரிமையில்லை. ரகசியம் மட்டும் கதையைத் தூக்கி நிறுத்துவதில்லை என்பதற்கு மட்டும் அந்தச் சோதனையைச் சொல்கிறேன்.

"நம்பவே முடியல." இதைச் சொல்கிறவர் நிகழ்ச்சி நடக்கச் சாத்தியம் குறைவு என்று சொல்வதாகத் தோன்றும். கேட்டுப் பார்த்தால், அவரே பேய்க்கதையை முழுசாக நம்பிப் படித்திருப்பார். அவர் நம்பாதது மனிதரை. அதுவரை ஒவ்வொரு கதவையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துப் பூட்டுகிற பெண், திருப்பத்துக்குத் தேவை என்பதற்காக அன்று இரவு மட்டும் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிறாள். அந்த இடத்தில் வாசகருக்கு எழுத்தாளரின் கை தெரிந்துவிடுகிறது. தற்செயல் நிகழ்ச்சிகளிலும் ஒரு கணக்கு உண்டு, நாயகியை மாட்டிவிடுகிற தற்செயலை மன்னிப்போம், காப்பாற்றுகிற தற்செயலை மன்னிக்க மாட்டோம்.

"நடுவுல இழுவை." இதற்குப் பக்கங்களைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று எழுத்தாளர்கள் நினைக்கிறார்கள், குறைத்தும் சரியாகாது. இழுவை என்று சொல்லப்படும் பகுதிகளில் நிறைய நடந்துகொண்டுதான் இருக்கும். பிரச்சினை என்னவென்றால், வாசகருக்கு ஒரே ஒரு கேள்விதான் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதற்கான விடை கடைசியில்தான் வரும் என்று அவருக்கும் தெரியும், ஆகவே நடுவில் எது நடந்தாலும் அது காத்திருப்பு. சஸ்பென்ஸ் பட இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் திரூஃபோவிடம் சொன்ன, மேஜைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு உதாரணம் பலருக்கும் தெரிந்ததுதான்: குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி, முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடம் சஸ்பென்ஸ். திருப்பங்களை நம்பி எழுதுகிறவர்கள் அந்த 15 விநாடிகளுக்காக எல்லாவற்றையும் ஒளித்து வைக்கிறார்கள், நடுப்பகுதியில் நம்மைப் பயப்பட வைக்க அவர்கள் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. சஸ்பென்ஸ் என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே இருப்பது ஆச்சரியங்கள் மட்டும்.

"முடிவு அவசரம்", கூடவே "வில்லன் பத்துப் பக்கம் லெக்சர் அடிக்கிறான்". இந்த இரண்டும் ஒரே நோய். முன்னால் விதைத்திருக்க வேண்டியதை விதைக்கவில்லை, அதனால் கடைசியில் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. நீலத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை பார்த்தீர்களா.

இனி "ஏமாத்திட்டாங்க". இதில்தான் உண்மையான, பழைய, கௌரவமான சண்டை இருக்கிறது. 1926இல் அகதா கிறிஸ்டி 'ரோஜர் அக்ராய்ட் கொலை'யை வெளியிட்டபோது வாசகர்களும் விமர்சகர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். முடிவைச் சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். வாசகரிடம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்று ஒரு பக்கம், எல்லாத் தடயமும் கண்ணெதிரே இருந்தது, கவனிக்காதது உங்கள் பாடு என்று இன்னொரு பக்கம். மூன்று வருடம் கழித்து, 1929இல், ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், பத்து விதிகளை எழுதினார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் உடனே கிடைக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட ரகசிய வழி கூடாது, வாசகரை முறையாகத் தயார்படுத்தாமல் இரட்டைப் பிறவிகளைக் கொண்டுவரக் கூடாது. அதே வருடம் எல்லரி குவீன் என்ற பெயரில் வந்த முதல் துப்பறியும் நாவல் ஒரு கட்டத்தில் நின்று, இப்போது எல்லாத் தடயமும் உங்கள் கையில், முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்று வாசகருக்கே சவால் விட்டது. நியாயம் என்பது அந்த வாசகர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது. பிறகு 2013இல் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, இதுவரை வந்ததிலேயே சிறந்த குற்ற நாவல் என்று தேர்வானது அந்த 1926ஆம் வருட நாவல்தான். ஏமாற்று என்று சிலரால் திட்டப்பட்ட கதை 87 வருடம் கழித்து முதலிடத்தில் வந்து நிற்கிறது என்றால், காரணம் மறுவாசிப்பு. திரும்பிப் போய்ப் பார்த்தவர்களுக்கு வரிகள் பொய் சொல்லாமல் நின்றன.

பொய்க்கும் மறைப்புக்கும் இடையிலான இந்தக் கோடு மிக மெல்லியது, ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிடும். நான் கட்டிய கதையில் அந்தக் கணவனே குற்றவாளி என்று வைத்துக்கொள்வோம். அவன் நம்மிடம், "அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியவில்லை" என்று சொன்னால் அது பொய், கடைசியில் உண்மை தெரியும்போது வாசகர் கோபப்பட எல்லா நியாயமும் உண்டு. அதையே, "அவள் எங்கே போனாள் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்தது" என்று எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் உண்மை. துக்கத்தில் அடைத்ததாக நாம்தான் எடுத்துக்கொண்டோம், பயத்தில் அடைத்திருக்கிறது. முதலாவதை எழுத ஒரு நிமிடம் போதும். இரண்டாவது மாதிரி முந்நூறு பக்கம் எழுத வருடங்கள் ஆகும். "ஏமாத்திட்டாங்க" என்ற கருத்தைப் பார்த்தால் இந்த இரண்டில் எது நடந்தது என்று மட்டும் பாருங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கஷ்டம் இருக்கிறது, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. கொலைகாரர் ஆணா பெண்ணா என்பதை மறைக்க வேண்டும் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் எழுவாயின் பெயரைப் பொதுவாக வைத்துக்கொண்டால் வினைச்சொல் காட்டிக்கொடுக்காது. தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். கத்தியை எடுத்தானா, எடுத்தாளா? எழுவாயை மறைத்தாலும் விகுதி மறையாது. தப்பிக்க இரண்டு மூன்று வழிதான். "எடுத்தார்" என்று மரியாதையில் ஒளிந்துகொள்ளலாம், ஆனால் மற்றவர்களையெல்லாம் அவன் இவள் என்று எழுதிவிட்டு ஒருவருக்கு மட்டும் மரியாதை கொடுத்தால் பழகிய வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "அந்த உருவம் கத்தியை எடுத்தது" என்று அஃறிணைக்குப் போகலாம், நம் மர்மக்கதைகளில் இருட்டில் நடமாடும் "உருவம்" எல்லாம் இப்படிப் பிறந்ததுதான், படித்துப் படித்துத் தேய்ந்துபோன வழி. அல்லது கையை மட்டும் காட்டலாம், "கை கத்தியை நோக்கி நீண்டது". முழுசாகத் தப்பிக்க நல்ல வழி தன்மை ஒருமைதான், "எடுத்தேன்" என்பதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. மொழிபெயர்ப்பில் வந்த திருப்பக்கதை ஒன்று "முதல் அத்தியாயத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்று திட்டு வாங்கினால், மூல ஆசிரியரைத் திட்டுவதற்கு முன் விகுதிகளைப் போய்ப் பாருங்கள். மொழிபெயர்த்தவர் தெரியாமல் ஓரிடத்தில் "ள்" போட்டிருப்பார், மொத்தக் கோட்டையும் அந்த ஒரு எழுத்தில் சரிந்திருக்கும்.

அட்டையில் போடுகிற வாசகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "நீங்கள் நினைத்தே பார்க்க முடியாத முடிவு" என்று அச்சிட்டுவிட்டால் வாசகர் முதல் வரியிலிருந்து காவல்காரராகிவிடுகிறார். கதாபாத்திரம் அழுதால் சேர்ந்து அழாமல், இவள் ஏன் அழுகிறாள் என்று குறிப்பெடுக்கிறார். கதைக்குள் போகவிடாமல் வாசலிலேயே நிறுத்திவிடுகிற வேலை அது. வாசகர்களும் இதையேதான் செய்கிறோம், "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு, சொல்ல மாட்டேன்" என்று சொல்வதே பாதி சொன்ன மாதிரிதான். நண்பருக்கு ஒரு த்ரில்லரைக் கொடுக்கும்போது நான் திருப்பம் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை, "காணாமல்போன ஒருத்தியைப் பற்றி, படிச்சுப் பாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கருத்துகளை எப்படிப் படிப்பது என்று கேட்டீர்கள். ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டவர்களைப் படியுங்கள், அவர்கள்தான் எந்த இடம்வரை பிடித்தது, எங்கே விட்டுப்போனது என்று நின்று சொல்லியிருப்பார்கள். "ஒரே மூச்சில் முடித்தேன்" என்பதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. நான்கு பக்க அத்தியாயங்கள், ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கொக்கி, இவ்வளவு இருந்தால் யாரையும் ஒரே மூச்சில் ஓட வைக்கலாம், ஓடி முடித்த பின் என்ன மிஞ்சியது என்பது வேறு கணக்கு. "யார் மேலயும் ஒட்டுதலே வரல" என்று பலர் எழுதியிருந்தால் அதைக் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேருடைய மனதை ஒரே நேரத்தில் மூடி வைத்தால்தான் அத்தனை திருப்பத்தையும் காப்பாற்ற முடியும் என்ற நிலைக்கு எழுத்தாளர் போயிருக்கிறார், மனமே தெரியாதவர்களோடு நமக்கு எப்படி ஒட்டும்? ஒருவர் திருப்பங்களைப் பற்றிப் பேசாமல் ஒரு சின்னக் காட்சியைப் பற்றி, ஒரு வசனத்தைப் பற்றி எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை நான் தயங்காமல் எடுப்பேன்.

கடைசியாக அடுத்த புத்தகம் வாங்குவது. இப்போது கையில் இருப்பதையே இன்னொரு முறை திறங்கள், முதல் நாற்பது பக்கம் மட்டும், கையில் பென்சிலோடு. முடிவு உங்களுக்குத் தெரியும், அவசரம் இல்லை. "அட, இதை இங்கேயே சொல்லியிருக்காரே" என்று நீங்கள் நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு கோடு போடுங்கள். மூன்று கோடு விழுந்தால் வாங்குங்கள். அவருக்கு விதைக்கத் தெரியும், இந்தப் புத்தகத்தில் ஆசைப்பட்டு இரண்டு திருப்பம் கூடுதலாக வைத்துவிட்டார், அடுத்ததில் குறைத்திருக்க வாய்ப்புண்டு. ஒரு கோடும் விழவில்லை என்றால் பணத்தை வேறு ஒருவருக்கு வைத்திருங்கள். எத்தனை கோடு விழுந்தது என்று எனக்கும் சொல்லுங்கள், எந்த வரியில் என்பதையும் சேர்த்து.